செம்புப் பக்கம்

"கற்றையை ரெண்டுக்கும் நடுவுலதான மேடம் வச்சேன்? மயிரிழை பிசகல. பெறகும் விட்டுப்போச்சே!"

தங்கப்பழம் இரண்டு துண்டுகளை மேசையில் போட்டார். ஒன்று எவர்சில்வர், ஒன்று செம்பு. எவர்சில்வர் உருகி வழிந்திருந்தது. செம்பு, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பளபளவென்று இருந்தது.

பாதி ஆயுளைக் கொதிகலன் வெல்டிங்கிலேயே கழித்த மனுஷர். இப்போது எலக்ட்ரான் கற்றையால் உலோகங்களை ஒட்டவைக்கும் வேலைக்கு வந்து, தன்னில் பாதி வயதுக்காரியிடம் பாடம் கேட்கிறார். மெஹருன்னிசா அவருக்கு மேடம். அவளுக்கு அவர் அண்ணன். மானம் கப்பலேறிவிட்டதாக அவருக்கு நினைப்பு, பாவம்.

அவள் பிளாஸ்கிலிருந்து டம்ளரில் டீயை ஊற்றினாள். ஒரு செம்புத் தகட்டையும் ஓர் எவர்சில்வர் தகட்டையும் அதில் நிறுத்தினாள்.

"நுனியைப் பிடிங்க அண்ணே."

பிடித்தார்.

"யப்பா!" என்று செம்பை விட்டார்.

"டீ ஒண்ணுதான?"

"ஒண்ணுதான். எவர்சில்வர் சூட்டைத் தன்கிட்டயே வச்சுக்கிடுது. செம்பு வாங்கினதை அப்படியே அந்தால தள்ளிவிட்டுருது." கொஞ்சம் யோசித்தார். "அதான் உருகல."

"அப்போ கற்றையை எங்க வைக்கணும்?"

"செம்புப் பக்கம் தள்ளி."

"அது ஓரவஞ்சனை இல்லையா?"

"என்ன ஓரவஞ்சனை மேடம்? செம்பு இளகிட்டா அதுவே போயி மத்ததைப் பிடிச்சுக்கிடும்."

புதுத் துண்டுகளை வெல்டிங் எந்திரத்தின் பெட்டிக்குள் பொருத்தி மூடினார்கள். பம்ப் உள்ளிருந்த காற்றை உறிஞ்சத் தொடங்கியது. அது முடியும்வரை சும்மாதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"சாயங்காலம் சீக்கிரம் போணும் மேடம். பெரியவளை ஹாஸ்டல்ல விடணும்."

"ஏன், வீட்டுல இருந்தே படிக்கலாமே?"

"அவளே கேக்கா. அவ என் வீட்டுக்காரி கூட்டிட்டு வந்த புள்ள. சின்னவ என் மொதத் தாரத்துப் புள்ள. ரெண்டு பேருக்கும் ஒரு குறை வச்சதில்ல மேடம். ஒரே துணி, ஒரே தீனி. சின்னவளை ஒரு சொல்லு சொன்னா ஓன்னு அழுதிருவா, ஓடிப்போயித் தேத்துவேன். பெரியவ அழவே மாட்டா. எதைக் குடுத்தாலும், 'தங்கச்சிக்குக் குடுங்கப்பா'ன்னு..."

அவர் பார்வை மேசைமேல் கிடந்த செம்புத் துண்டில் போய் நின்றது.

மெஹருன்னிசா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கப்பழம் எழுந்தார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"யம்மா வெண்ணிலா, அப்பா பேசுதேன்... தங்கச்சிகிட்டக் குடுக்காத தாயி. உன்கிட்டத்தான் பேசணும். ஏம்மா எங்களை விட்டுப் போற? எனக்கு நீ வேணும்."

அவர் காத்திருந்தார்.

பிறகு, பெரியவள் அழுதாள்.