மாரப்பன் போட்ட புரோப்பேன் கணக்கு

சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டும் மாரப்பனுக்கு வயது நாற்பத்தாறு. அவருக்குக் கணக்குச் சொல்லித்தரும் சுகந்தி டீச்சருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் குரு குருதானே? டீச்சர் சொல்லாமல் மாரப்பன் உட்கார மாட்டார்.

மறுநாள் காலை பாய்லர் லைசென்ஸ் பரீட்சை. ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. இதிலும் போனால் பாய்லர் பக்கமே வராதே, துணி பிழியப் போ என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், மனுஷன் நாலைந்து நாளாகத் தூங்காமல் கணக்காகப் போட்டுத் தள்ளுகிறார். போட்டதெல்லாம் தப்பு!

"நாற்பத்து நாலு கிராம் புரோப்பேன் முழுசா எரிஞ்சா இரண்டாயிரத்து இருநூற்று இருபது கிலோஜூல் வெப்பம்" என்றார் டீச்சர். "அதே நாற்பத்து நாலு கிராம் இருக்கு. ஆனா ஆக்சிஜன் எண்பது கிராம்தான். எரியுற பங்கு முழுசா எரியுதுன்னு வச்சுக்குங்க. எவ்வளவு வெப்பம் வரும்?"

"இரண்டாயிரத்து இருநூத்தி இருபதுங்க!"

"தப்பு."

"அதெப்படிங்க? புரோப்பேன் அப்படியேதானுங்களே இருக்குது?"

பக்கத்தில் கேஸ் அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு அடியில் காற்று போகும் துளையை டீச்சர் ஈரத்துணியால் பொத்தினார். நீலமாக எரிந்த தீ மஞ்சளாகித் தள்ளாடியது. கொதி அடங்கிவிட்டது. பாத்திரத்தின் அடியில் கரி ஏறியது.

"கேஸைக் குறைச்சேனா?"

"இல்லீங்க."

"பின்னே?"

மாரப்பன் குனிந்து பார்த்தார். திடீரென்று துள்ளி எழுந்தார்.

"அட, காத்துங்க டீச்சர்! காத்து!"

பென்சிலைப் பிடுங்காத குறையாக எடுத்துச் சமன்பாட்டை எழுதினார். ஒரு புரோப்பேனுக்கு ஐந்து ஆக்சிஜன். நாற்பத்து நாலு கிராமுக்கு நூற்று அறுபது கிராம் வேண்டும். இருப்பதோ எண்பது.

"பாதிதானுங்க எரியும்! ஆயிரத்து நூத்திப் பத்து!"

"சரி."

சரி என்ற சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! மாரப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐயையோ டீச்சர், ஸ்டீம் இறங்கினா நான் என்ன பண்றேன் தெரியுங்களா? எண்ணெய் வால்வைத் திறப்பேன். புகை கருகருன்னு தள்ளும். இன்னுங் கொஞ்சம் திறப்பேன்! காத்துப் பக்கம் கையே வெச்சதில்லீங்க!"

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். டீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாரப்பன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"விடக் கூடாதுங்க டீச்சர்! இன்னும் இருபது கணக்குக் குடுங்க. இன்னிக்கும் தூங்கப் போறதில்லை. விடிய விடியப் போட்டுடறேன்!"

சுகந்தி டீச்சர் அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டார்.

"மறுபடியும் எண்ணெய் வால்வையே திறக்கறீங்களே, காத்து வேண்டாமா?" என்றார்.