மேற்கு வாயைப் பார்த்த நாரை

அன்று காலை மணி ஆறு இருபது. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. மேகத்தின் விளிம்பிலிருந்து இளவெயில் எட்டிப் பார்த்தது. மருதங்காட்டு ஏரிக்கரையின் ஈர மண்ணில் ஒன்பது நாய்கள் வாலை ஆட்டியபடி வரிசையாக நின்றன. ஒவ்வொரு நாயின் அருகிலும் அதன் வழித்துணை நின்றது.

காட்டில் ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தடையோட்டப் போட்டி அது!

நாய் ஓட வேண்டும். வழித்துணை கூடவே ஓடி வழி காட்ட வேண்டும். வழித்துணை நாயைத் தொடக்கூடாது. சிறகிருந்தாலும் பறக்கக்கூடாது. விழுந்து கிடக்கும் பனைமரத்தைத் தாண்டி, நட்டுவைத்த பன்னிரண்டு மூங்கில் கழிகளுக்கிடையே வளைந்து வளைந்து நுழைந்து, பாறையின்மேல் குறுக்காகக் கிடக்கும் ஆடும் பலகையில் ஏறி இறங்கி, கடைசியாகப் பொந்துமரத்துக்குள் புகுந்து வெளியே வரவேண்டும். அதுவரை மரங்கொத்தி ஒரே சீராகக் கிளையைக் கொத்திக்கொண்டிருக்கும். இரண்டு சுற்றிலும் சேர்த்து மிகக் குறைந்த கொத்துகளில் ஓடி முடிக்கும் நாய்க்கே வெற்றி.

பொந்துமரத்தில்தான் சிக்கல் இருந்தது. அது உள்ளே கூடாகிப்போய் விழுந்து கிடந்த பழைய மருத மரம். அதற்கு இரண்டு வாய்கள். கிழக்கு வாய் வழியாகப் புகுந்து மேற்கு வாய் வழியாக வருவதே சரியான தடம். ஆனால், பலகையிலிருந்து இறங்கியதும் நேர் எதிரே தெரிவதோ மேற்கு வாய்! அதற்குள் புகுந்த நாய் தடம் தவறியதாகும்; அந்த ஆண்டு அதற்குப் பரிசு கிடையாது. மூன்று முறை தடம் தவறினால் அந்த நாயின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். பிறகு எந்த ஆண்டும் அது ஓட முடியாது.

செவலை என்ற செந்நிற நாய் சென்ற ஆண்டு ஒருமுறை தடம் தவறியிருந்தது. அதே மேற்கு வாய்!

அதன் வழித்துணை பொன்னலகி என்னும் நாரை. நீண்ட கால்கள், அதைவிட நீண்டதாகத் தோன்றும் மஞ்சள் அலகு. பொன்னலகி பொறுமைசாலி. ஓராண்டு முழுவதும், விடிந்ததும் செவலையை அழைத்துப்போய் மேற்கு வாயின் முன்னால் நிறுத்தும். "நன்றாகப் பார்த்துக்கொள். இதற்குள் போகக்கூடாது. எதற்குள்?"

"இதற்குள், அக்கா."

"இன்னொருமுறை பார்."

செவலை இன்னொருமுறை பார்க்கும். இப்படியே மாதக்கணக்கில் பார்த்தது.

"அடுத்து, செவலை!" என்று அழைத்தது நடுவரான உடும்பு.

டொக், டொக், டொக்! மரங்கொத்தி தொடங்கியது. செவலை பாய்ந்தது! பனைமரத்தை ஒரே தாவலில் கடந்தது. மூங்கில் கழிகளுக்கிடையே தண்ணீர்ப் பாம்பைப்போல் நெளிந்தது. ஒரு கழிகூட அசையவில்லை! பலகையில் ஏறியது, பலகை சாய்ந்தது, அது தரையைத் தொட்ட அதே நொடியில் செவலை இறங்கியது. கரையெங்கும் ஆரவாரம்!

பொன்னலகி கிழக்கு வாயை நோக்கி நீண்ட எட்டுகளில் ஓடியது. ஆனால் பாதி வழியில் அதன் நெஞ்சு திக்கென்றது. 'ஐயோ, மேற்கு வாய்!' கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. "அங்கே வேண்டாம்! அங்கே வேண்டாம்!" என்று கத்தியது.

செவலை அம்புபோல் மேற்கு வாய்க்குள் புகுந்தது.

மரங்கொத்தி கொத்துவதை நிறுத்தியது. ஏரிக்கரை அமைதியாயிற்று. அந்த அமைதியில் ஒரு சிரிப்பு மட்டும் கேட்டது. அத்திமரக் கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த சிங்காரம் என்னும் குரங்கின் சிரிப்பு அது. காரி என்ற கறுப்பு நாயின் வழித்துணை சிங்காரம். அதற்குச் சற்று முன்புதான் காரி முப்பத்தெட்டே கொத்துகளில் ஓடி முடித்திருந்தது.

"நாரையம்மா! உங்கள் நாய்க்கு அந்தப் பொந்துக்குள் மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறீர்களா? வருடம் தவறாமல் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறதே!"

மற்ற விலங்குகளும் சிரித்தன. செவலை காதுகளை மடக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"செவலைக்கு இது இரண்டாவது தவறு. அடுத்த சுற்றிலும் தவறினால் பெயர் நீக்கம்" என்றது உடும்பு. அதன் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

பொன்னலகி செவலையை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்றது.

"நான் தினமும் என்ன சொன்னேன்?"

"போகக்கூடாது என்று சொன்னாய், அக்கா."

"பிறகு ஏன் போனாய்?"

"தெரியவில்லை, அக்கா. ஓடும்போது என் காதில் காற்றுதான் விழுகிறது. உன்னைப் பார்த்துத்தான் ஓடுகிறேன்."

"என்னைப் பார்த்து ஓடுகிறவள் ஏன் பொந்துக்குள் போகிறாய்? உனக்கு அந்தப் பொந்தின்மேல் ஆசை. அதுதான் உண்மை!"

செவலையின் கண்கள் கலங்கின. "ஓடாமல் நான் என்ன செய்வேன், அக்கா? எனக்கு வேறு ஒன்றும் தெரியாதே!"

பொன்னலகி அதன் அருகிலேயே நின்றுகொண்டது.

இரண்டாம் சுற்றுக்கு விலங்குகள் தடைகளை இடம் மாற்றி வைத்தன. மூங்கில் கழிகள் முதலில் வந்தன. பனைமரம் நடுவே உருண்டது. பொந்துமரத்தை மட்டும் யாராலும் நகர்த்த முடியவில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் வழித்துணைகள் நாய் இல்லாமல் தடத்தை நடந்து பார்ப்பது வழக்கம். பொன்னலகியும் நடந்தது. கழிகள், பனைமரம், பலகை. பிறகு பொந்துமரம். மழை நனைத்த மண்ணில் முதல் சுற்றின் காலடிகள் எல்லாம் அச்செடுத்ததுபோல் பதிந்திருந்தன.

நாரை நின்றது. தன் காலடிகளைத் தானே பார்த்தது.

நீண்ட மூன்று விரல்கள். பலகையிலிருந்து கிழக்கு வாயை நோக்கி எட்டு அடிகள் நேராகச் சென்றன. ஒன்பதாவது அடி மட்டும் திரும்பியிருந்தது. அதன் மூன்று விரல்களும் மேற்கு வாயைக் காட்டின! பக்கத்தில் செவலையின் காலடிகள். அவையும் அதுவரை கிழக்கு நோக்கியே ஓடியிருந்தன. நாரையின் கால் திரும்பிய அதே இடத்தில், ஓர் அடி முன்பும் இல்லை, ஓர் அடி பின்பும் இல்லை, அவையும் திரும்பியிருந்தன.

பொன்னலகி அந்த ஒன்பதாவது அச்சில் மெல்லத் தன் காலை வைத்தது. கால் திரும்பியதும் தோள் திரும்பியது. தோள் திரும்பியதும் கழுத்து திரும்பியது. நீண்ட மஞ்சள் அலகு மேற்கு வாய்க்கு நேராகப் போய் நின்றது.

"அடடா!" என்றது பொன்னலகி.

அது ஓட்டமும் நடையுமாகச் செவலையிடம் வந்தது.

"செவலை! தவறு உன்னுடையதல்ல. என்னுடையது! நீ எங்கே போய்விடுவாயோ என்று பயந்தேனோ, அங்கேயே பார்த்தேன். நான் பார்த்த இடத்துக்கு நீ போனாய்."

செவலையின் காதுகள் நிமிர்ந்தன. "அப்படியானால், நான் நீ காட்டியபடிதான் ஓடினேனா, அக்கா?"

"மயிரிழையும் பிசகாமல் ஓடினாய்!"

"எனக்குப் பொந்தின்மேல் ஆசை இல்லையா?"

"உனக்கு ஆசையும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்குத்தான் பயம்."

செவலை மூன்று முறை தன்னைத்தானே சுற்றிக் குதித்தது. "அக்கா, சீக்கிரம் வா! நாம் ஓடலாம்!"

"கேட்டுக்கொள். இந்த முறை நான் வாயே திறக்கமாட்டேன். நீ போக வேண்டிய இடத்தை மட்டும் பார்ப்பேன். நீ என்னைப் பார்."

"எப்போதும் அதைத்தானே செய்கிறேன்!" என்றது செவலை.

"செவலை!" என்று உடும்பு அழைத்தது. "நினைவிருக்கட்டும். இது கடைசி வாய்ப்பு."

டொக், டொக், டொக்!

செவலை மூங்கில் கழிகளுக்குள் புகுந்தது. இடம், வலம், இடம், வலம்! பன்னிரண்டும் முடிந்தன. பனைமரம்! அதன்மேல் ஒரு செந்நிற வில் வளைந்து இறங்கியது. பலகை! ஏறியது, சாய்ந்தது, தொட்டது, இறங்கியது! செவலை இவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருந்த முயல்கள் மூச்சுவிட மறந்தன.

எதிரே மேற்கு வாய் கறுப்பாகத் திறந்து கிடந்தது.

பொன்னலகி கிழக்கு வாயையே பார்த்து ஓடியது. ஓரடி, ஈரடி, ஐந்தடி. மீண்டும் நெஞ்சு திக்கென்றது. 'ஒரே ஒருமுறை பார்த்துவிட்டால் என்ன?' என்று மனம் கெஞ்சியது. அந்த நேரம் பார்த்துச் சிங்காரம் கிளையை உலுக்கிக்கொண்டு கத்தியது.

"நாரையம்மா! மேற்கு வாய்! மேற்கு வாய்! கவனம்! அதோ போய்விட்டது உங்கள் நாய்!"

பொன்னலகியின் கழுத்து நடுங்கியது. பின்னால் செவலை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. போய்விட்டதா? உண்மையாகவே போய்விட்டதா? எட்டாவது அடி. ஒன்பதாவது அடி!

அது திரும்பவில்லை. அலகை ஈட்டிபோல் கிழக்கு வாய்க்கு நேராக நீட்டியது.

உரசுவதுபோல் ஒரு காற்று அதைக் கடந்தது. செந்நிறமான காற்று! செவலை கிழக்கு வாய்க்குள் பாய்ந்து, மரத்துக்குள் தடதடவென்று ஓடி, மேற்கு வாய் வழியாக வெளியே வந்து விழுந்தது!

"முப்பத்தாறு!" என்று மரங்கொத்தி கூவியது. "இன்றைய ஓட்டங்களிலேயே இதுதான் குறைவு!"

கரை அதிர்ந்தது. முயல்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. உடும்பு தன் வாலால் தரையை ஒருமுறை தட்டியது. "செவலையின் பெயர் பட்டியலில் நீடிக்கும்."

அடுத்தது காரியின் முறை. இரண்டு சுற்றுக்கும் சேர்த்துப் பார்த்தால் காரிக்கே வெற்றி என்று எல்லா விலங்குகளும் நினைத்தன. சிங்காரம் கிளையிலிருந்து குதித்து, உடம்பிலிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டது. "வா காரி, எப்படி ஓடுவது என்று இவர்களுக்குக் காட்டிவிட்டு வருவோம்!"

கழிகள் முடிந்தன. பனைமரம் முடிந்தது. பலகையும் முடிந்தது. சிங்காரம் கிழக்கு வாயை நோக்கித் தாவியது. ஆனால் சற்று முன்பு அது கத்திய சொற்கள் அதன் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. மேற்கு வாய்! மேற்கு வாய்! அதுவரை அந்தப் பொந்தைப் பற்றிச் சிங்காரம் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது அதைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. தோளுக்குப் பின்னால் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

காரி மேற்கு வாய்க்குள் மறைந்தது.

"டேய் காரி! உன்னை யார் உள்ளே போகச் சொன்னது?"

பொந்துக்குள்ளிருந்து காரியின் குரல் வந்தது. "உன்னை யார் இங்கே பார்க்கச் சொன்னது?"

கரை முழுவதும் சிரித்தது. பொன்னலகி மட்டும் சிரிக்கவில்லை. அது குரங்கின் அருகே சென்றது. "சிங்காரம், காரியைத் திட்டாதே. உன் காலடியைக் குனிந்து பார்."

"எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்! தவறு அந்தப் பொந்தில் இருக்கிறது!" என்று சொல்லிவிட்டுச் சிங்காரம் மரத்தில் ஏறிக்கொண்டது.

பரிசை வென்றது யார் தெரியுமா? ஒரு குட்டைக்கால் நாயும், அதற்கு வழி காட்டிய காடையும்! வேகம் அதிகம் இல்லை. இரண்டு சுற்றிலும் தவறும் இல்லை. காடை மிகவும் குள்ளம். கிழக்கு வாயை நோக்கி ஓடும்போது, பொந்துமரம் மறைப்பதால் மேற்கு வாய் அதன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை!

மறுநாள் காலை வானம் தெளிவாக இருந்தது. குட்டைக்கால் நாய் நெடுநேரம் தூங்கியது. காடை அதன் முதுகில் உட்கார்ந்து வெயில் காய்ந்தது. உடும்பு பட்டியலில் இருந்த ஒன்பது பெயர்களையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அதை அடுத்த ஆண்டுக்காக எடுத்துவைத்தது. பொன்னலகியும் செவலையும் விடிந்ததும் பொந்துமரத்துக்கு வந்தன. நாரை கிழக்கு வாயின் அருகில் நின்று அலகை நீட்டியது, செவலை ஓடி வந்து புகுந்தது, அதே வாய் வழியாக வெளியே வந்து, "இன்னொருமுறை, அக்கா!" என்று திரும்ப ஓடியது. மரத்தின் மறுபக்கத்தில் சிங்காரம் கை நிறையச் சேற்றை அள்ளி, விடிந்ததிலிருந்து மேற்கு வாயைப் பூசி அடைத்துக்கொண்டிருந்தது. அதன் எதிரே காரி உட்கார்ந்து, தன் வழித்துணை அத்தனை அக்கறையுடன் பார்க்கும் அந்த இடத்தைத் தானும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

நம்மை நம்பி வருபவர் எங்கே தவறிவிடுவாரோ என்று அந்தத் தவறையே நாம் பார்த்துக்கொண்டிருந்தால், அவரை அங்கே அனுப்பி வைப்பவர் நாமே.