உபதேசியார் ஏசிய நாள்

உபதேசியார் ராயப்பனுக்கு அறுபது வயது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உப்பளங்கள் சூழ்ந்த ஒரு சின்ன ஊர். அந்த ஊர் மாதா கோயிலுக்குப் பங்குச் சாமியார் மாதத்தில் இரண்டு தடவைதான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் ராயப்பன்தான். முப்பத்திரண்டு வருடமாக இப்படி. அவருக்குப் புத்தகம் வேண்டாம். எந்த இடத்தில் எந்தச் செபம் என்று வாய்க்கே தெரியும்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய ஒரே மகள் செலஸ்தீனா பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை.

அந்த நேரத்தில் ராயப்பன் பக்கத்துத் தெருவில், மரியதாஸ் வீட்டில் இருந்தார். மரியதாஸின் மருமகளுக்கு நாலாம் மாதம். சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நவநாள் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். செபம் தொடங்குமுன் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவது அவர் வழக்கம். வெளியே வந்து பார்த்தபோது பதினோரு அழைப்புகள். முதல் மூன்று மகளுடையவை. மற்றதெல்லாம் மருமகனுடையவை.

அடக்கத்துக்கு அவரே செபம் சொன்னார். ஒரு சொல் தடுமாறவில்லை. “என்ன விசுவாசம் பாரு மனுசனுக்கு” என்று பேசிக்கொண்டே ஊரார் கல்லறையிலிருந்து திரும்பினார்கள்.

ராயப்பனுக்கு அன்று ஒன்று தெரிந்துபோனது. வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் கேட்பதற்கு ஆள் இல்லை. அன்றைக்குத்தான் இல்லையா, என்றைக்குமே இருந்ததில்லையா என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

ஐந்து மாதம் அப்படியே செபம் சொன்னார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஆவணி பிறந்ததும் கித்தேரியம்மாளைத் தேடிப் போனார். அவள் உப்பளத்தில் வேலை செய்கிறவள். நாற்பத்தைந்து வயது. எழுதப் படிக்கத் தெரியாது. வருடா வருடம் அந்த ஊர்க்காரர்களை வேளாங்கண்ணிக்கு நடத்திக் கூட்டிப்போவது அவள்தான்.

“கித்தேரி, இந்த வருசம் நானும் வாறேன்.”

“வாங்க. கோயில யாரு பாத்துக்கிடுவா?”

“சாமியார்ட்ட சொல்லிட்டேன்.” வரப்பில் நின்றபடியே ராயப்பன் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு விசுவாசம் போயிட்டு. நடந்தா வருமா?”

கித்தேரி உப்பை வாரிக் குவித்துக்கொண்டே சொன்னாள். “கால்ல கொப்புளம் வரும்.”

“நான் விளையாட்டுக்குக் கேக்கல.”

“நானும் விளையாட்டுக்குச் சொல்லல, ஐயா. பதினோரு வருசம் நடந்ததுல எனக்கு உறுதியாத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்.”

ராயப்பன் வரப்பில் உட்கார்ந்தார். “ஊருக்கெல்லாம் நான் பாடம் சொன்னது போதும். இந்த வழியில நீ சொல்லு, நான் கேக்கேன்.”

“அப்போ ஒண்ணு. படிச்ச செபம் எதையும் சொல்லக் கூடாது.”

“செபம் சொல்லாம நடைப்பயணமா?”

“மத்தவங்க சொல்லட்டும். நீங்க நடங்க.”

இருபத்தாறு பேர் கிளம்பினார்கள். மாதா சுரூபத்தைத் தள்ளுவண்டியில் வைத்து, பூப்போட்டு, முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். ராயப்பனைக் கித்தேரி கடைசி வரிசையில் விட்டாள்.

இரண்டாம் நாள் காலை செபமாலை சொல்லும்போது ராயப்பனுடைய உதடு தானாக அசைந்தது. கித்தேரி பார்த்துவிட்டாள். பையிலிருந்து பெரிய கல் உப்பு ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“வாயில அடக்கிக்கிடுங்க.”

அடக்கிக்கொண்டார். நாக்கு எரிந்தது. உதட்டை அசைக்க முடியவில்லை. உப்பு கரைகிறவரை, செபம் இல்லாத தனக்குள் வேறு என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டே நடந்தார். தாகம் இருந்தது. வேறு ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாம் நாள் கேட்டார்.

“நீ என்ன கேட்டு நடக்கே, கித்தேரி?”

“எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு.”

“தெரியுதா?”

“போன வருசம் வரைக்கும் நிழல் தெரிஞ்சுது. இப்ப அதுவும் இல்ல.”

ராயப்பன் அப்படியே நின்றுவிட்டார். “பெறகு எதுக்கு இந்த நடை?”

கித்தேரி பின்னால் திரும்பிப் பார்த்தாள். கைக்குழந்தையோடு பின்தங்கி வந்த ஒரு பெண்ணின் மூட்டையை வாங்கி அவர் தோளில் ஏற்றினாள்.

“ராமநாதபுரம் வரைக்கும் இதத் தூக்கிட்டு வாங்க.”

தூக்கிக்கொண்டு நடந்தார். கொப்புளம் உடைந்து செருப்பில் ஒட்டியது. இரவில் படுத்தால் தூக்கம் வந்தது. விடிந்தால் மகள் நினைவு வந்தது. நடை அதில் எதையும் குறைக்கவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம் மீமிசலுக்கு வெளியே, ரோட்டோரத்து வேப்பமரங்களின் கீழ் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். ராயப்பனுடைய போன் அடித்தது. மரியதாஸ்.

“உபதேசியாரய்யா! மருமகளுக்குச் சுகப்பிரசவம். பொம்பளப் பிள்ள. எல்லாம் நீங்க வந்து செபம் சொன்ன பலன்தான்!”

“சந்தோசம்” என்றார் ராயப்பன். போனைப் பைக்குள் வைத்தார். இலையை மடித்தார். எழுந்து நேராகத் தள்ளுவண்டிக்குப் போனார். சுரூபத்துக்கு முன்னால் நின்றார்.

“ஏ பொம்பள!”

எல்லோரும் திரும்பினார்கள்.

“ஒன் பிள்ள சாவும்போது நீ பக்கத்துல நின்ன. கடைசி வார்த்தைய ஒன் காதால கேட்ட. சிலுவையில இருந்து எறக்கி ஒன் மடியில போட்டாங்க. என் பிள்ள என்னை மூணு தடவ கூப்பிட்டா. அப்ப நான் எங்க இருந்தேன்? ஒன் முன்னாலதான் முழங்கால்ல நின்னேன்! எந்திரிடா, ஒன் மக கூப்பிடுதான்னு ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு வாய் இல்லையா? நான் கேட்டத எல்லாம் அடுத்த வீட்டுக்குக் குடுத்தியே. நீயெல்லாம் ஒரு தாயா?”

வண்டியின் கட்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். யாரோ ஒருவர் எழுந்து வந்து அவரைத் தொட, கையைத் தட்டிவிட்டார். பையை எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றார்.

கித்தேரி கை கழுவிவிட்டு ரோட்டைக் கடந்து வந்தாள்.

“ஊருக்கா?”

“ஆமா.”

“வேளாங்கண்ணி இன்னும் நாலு நாள்தான்.”

“அங்க போய் நிக்க எனக்கு முகம் இல்ல.” அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “என்னல்லாம் ஏசிட்டேன். செபம் சொன்ன வாயால ஏசிட்டேன்.”

“கூட வந்தவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.”

“அவங்களுக்காக யாரு அழுதா? மாதா கேட்டிருப்பாளே.”

கித்தேரி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் பிள்ள திரும்பி வரமாட்டா, கித்தேரி.”

“வரமாட்டா, ஐயா.”

“அங்க வந்தாலும் என் மனசு ஆறாது.”

“ஆறாது.”

தூத்துக்குடி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “பெரியவரே, ஏறுறீங்களா?”

ராயப்பன் பையைத் தோளில் மாட்டினார். ஒரு காலைப் படியில் வைத்தார்.

“ஐயா” என்றாள் கித்தேரி. “முப்பத்திரண்டு வருசம் அவகிட்ட செபம் சொன்னீய. கேட்டிருப்பாளேன்னு ஒரு நாளாவது பயந்திருக்கீயளா?”

ராயப்பன் திரும்பினார்.

“இன்னைக்கு யாருக்குப் பயந்து ஓடுதீய?”

கண்டக்டர் விசில் கொடுத்தார். ராயப்பன் காலைக் கீழே வைத்தார். பஸ் போனதும் ரோட்டைக் கடந்து தள்ளுவண்டியின் பக்கம் நடந்தார்.