காவல்காரிக்குக் கிடைத்த கிழங்கு

காட்டுக்குள்ளே பெரிய குளம் ஒன்று இருந்தது. அதன் மண்கரை எல்லா மிருகங்களுக்கும் பொது. யாரும் வந்து தண்ணீர் குடிக்கலாம். ஓட்டையைப் பார்த்தவர் மண் வைத்து அடைக்கலாம். கூலி கிடையாது. அதிகமாக மண் சுமந்தது கூரன் என்கிற முள்ளம்பன்றிதான்.

அந்த வருஷம் மழை பலமாக வரும்போல் தெரிந்தது. ஒருவர் முழுநேரமும் கரையிலேயே இருக்கவேண்டும் என்றது யானை. அப்படி இருப்பவர் இரை தேடப் போவது எப்படி? வீட்டுக்கு ஒரு கிழங்கு கொடுப்போம் என்று முடிவாயிற்று. செவ்வி என்கிற முயலைக் காவலுக்கு வைத்தார்கள். கூட்டம் நடந்தது பட்டப்பகலில். கூரனோ பகலில் தூங்குகிற பிராணி. அவனை எழுப்பிக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்!

சாயங்காலம் எழுந்துவந்த கூரன், செவ்வியின் முன்னால் கிழங்கு குவிந்திருப்பதைப் பார்த்தான். வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருஷம் சும்மா உழைத்தவன் நான், நேற்று வந்தவளுக்குக் கிழங்கா என்று பொருமினான். எனக்கும் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ரோஷம் விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் செவ்வியே அவனைத் தேடி வந்தாள்.

"கூரண்ணே, கரையில எந்த இடம் லேசா இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். கொஞ்சம் காட்டிக் குடுங்க."

நாவல் மரத்து வேருக்கடியில் ஒரு பொந்து உண்டு. வருஷாவருஷம் அவன்தான் அடைப்பான். வேறு யாருக்கும் அது தெரியாது.

"கிழங்கு திங்கறவ நீதானே? நீயே கண்டுபிடிச்சுக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூன்றாம் நாள் ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. செவ்வி கரை முழுக்க ஓடி ஓடிப் பார்த்தாள். கூரன் மேட்டில் நின்றபடி, நாவல் மரத்தடியில் தண்ணீர் கசிவதைப் பார்த்தான். அவள் பெயர் கெடட்டும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், கொடுக்கவில்லை. கரை உடைந்தது. குளம் காலியாயிற்று. கரைக்குக் கீழே இருந்த கூரனின் வளையும் வெள்ளத்தோடு போயிற்று.

கோடையில் எல்லாரும் நாவறண்டு, தூரத்து ஆற்றுக்கு நடந்தார்கள். வழியில் செவ்வி தான் தோண்டியெடுத்த கிழங்கில் பாதியைக் கூரனிடம் நீட்டினாள்.

"இத்தனை வருஷம் நீங்க காத்த கரைண்ணே. உங்களுக்கு நாங்க ஒண்ணுமே குடுத்ததில்ல. தப்பு எங்க மேலதான்."

கூரன் கிழங்கை வாங்கினான், கடிக்கவில்லை. பொந்து தனக்குத் தெரியும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அடுத்தவருக்குக் கிடைத்ததைப் பார்த்து வயிறெரிந்து பொதுக்காரியத்தைக் கைவிடுகிறவன், தான் குடிக்கிற தண்ணீரையும் சேர்த்தே இழப்பான்.