வெள்ளத் தமுக்கு

"அம்மா, இந்தத் தமுக்கை வேற யார் கையிலயாவது குடுத்துடுங்க" என்று சொல்லி, வைத்திலிங்கம் அதைக் குருவின் முன்னால் வைத்தான்.

நல்லம்மை முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சீடனைவிட இரண்டு வயது இளையவள். இருந்தாலும் குரு குருதான்.

ஆற்று வளைவில் இருந்த அந்த மடத்துக்கு ஒரு கடமை உண்டு. மேற்கே இடியும் மின்னலுமாய் மழை கட்டிக்கொண்டால், மேல்பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்து சேதி சொல்வான். உடனே மடத்துச் சீடன் கரையோரத்துக் கீழத்தெருவில் தமுக்கடிக்க வேண்டும். சனம் மூட்டை முடிச்சோடு மேட்டுக்கு ஏற வேண்டும்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து வைத்திலிங்கம் அடித்த அடிக்கெல்லாம் மழை திசைமாறிப் போயிற்று. முதல் தடவை பாதித் தெரு ஏறியது. அடுத்த தடவை நாலு வீடு. போன வாரம் ஒரு நாய்கூட எழுந்திருக்கவில்லை.

தெருக்கோடி மருதனுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. வைத்தி தமுக்குச் சத்தம் கேட்டால் தைரியமாய் நெல்லைக் காயப் போடலாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

இன்றைக்கு மத்தியானமும் ஆள் வந்துவிட்டான். மேலே கரை கசிகிறதாம். வானம் சட்டியின் அடிபோலக் கறுத்துக் கிடந்தது.

"இப்ப அடிச்சா ஒருத்தரும் ஏற மாட்டாங்கம்மா. தண்ணி வந்துட்டா மொத்தத் தெருவும் போயிடும். நிச்சயமா தெரிஞ்சப்புறம் அடிக்கட்டுமா?"

நல்லம்மை கீரையிலிருந்து ஒரு பூச்சியை எடுத்து வெளியே விட்டாள்.

"தமுக்கடிச்ச ராத்திரியெல்லாம் நீ எங்கே படுத்தே?"

"எங்க வீட்டுலதான்."

"வீடு?"

"கீழத்தெருவுலதானேம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"மேட்டுக்குப் போகலையா?"

"நான் எதுக்கும்மா? சொல்றதுதானே என் வேலை. தண்ணி வந்தா அப்ப ஓடி ஏறிக்கலாம்னு…"

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

அவள் கீரையை அலசப் போட்டாள். தலை நிமிரவில்லை.

வைத்திலிங்கம் தமுக்கை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

பெண்சாதி கையில் கோழிக்கூடையைக் கொடுத்தான். சோறு பாதிதான் வெந்திருக்கிறது, உமக்கென்ன கிறுக்கா என்றாள் அவள். பானையோடு தூக்கு என்றான்.

கயிற்றுக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெரு நடுவே நடந்தான். பின்னால் அவள், இடுப்பில் கூடையும் தலையில் பானையுமாய், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தாள்.

தெரு பார்த்தது.

மருதன் வாசலுக்கு வந்தான். "என்ன வைத்தி, தமுக்கைக் காணோம்? கிழிஞ்சு போச்சா?"

"மடத்துல இருக்கு."

"வெள்ளம் வருமா, வராதா? அதைச் சொல்லு."

"எனக்குத் தெரியலை மருதா."

மருதன் சிரிக்க வாய் திறந்தான். கோழிக்கூடையைப் பார்த்தான். ஆவி பறக்கிற பானையைப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

வைத்திலிங்கம் நடந்துகொண்டே இருந்தான்.

"நில்லுப்பா" என்றான் மருதன். "அந்தக் கட்டிலை இறக்கு. எங்க ஆத்தாளால நடக்க முடியாது."