குலவையில் நாக்கு ஏன் நடுங்குகிறது

அந்தக் காலத்தில் நண்டும் பேசும், நாரையும் பேசும். பேசினால்கூடப் பரவாயில்லை, எந்நேரமும் கத்தல்தான். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட எல்லாருக்கும் ஒரே சத்தம், "ஓ!" எருமை பசிக்கு ஓ போடும், கொக்கு வம்புக்கு ஓ போடும், பெண்கள் கஞ்சி கேட்டு ஓ போடுவார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்த மறுநாள். கண்மாய் விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. கீழே பள்ளத்து வயலில் இருபது பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நாற்றுக்கட்டு எடுக்கக் கண்மாய்க் கரைப் பக்கம் போனவள் சடைச்சி. அவளுடைய ஆறு மாதப் பிள்ளை வயலோர மருதமரத்தில், தூளியில் தூங்கியது.

கரையில் ஒரு நண்டு கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

"தாயி, கோவிச்சுக்காதே. வளை தோண்டினேன். கொஞ்சம் ஆழமாப் போயிட்டுது."

"எவ்வளவு ஆழம்?"

"அந்தப் பக்கத்துத் தண்ணி வரைக்கும்."

"அடப் பாவி!" சடைச்சி குனிந்து பார்த்தாள். கை கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. சேற்றை அள்ளி வைத்தாள், கரைந்து போயிற்று. கல்லை வைத்தாள், உருண்டு போயிற்று. வேறு வழி தெரியாமல் ஓட்டையில் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நின்றது.

அப்புறம்தான் தூளி அவள் கண்ணில் பட்டது. எழுந்து ஓடினால் கரை உடையும். கரை உடைந்தால் முதலில் அடித்துக்கொண்டு போவது அந்த மரத்தைத்தான். ஐயோ, பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

"ஓ!" என்று கத்தினாள்.

"எருமைக்கு அதுக்குள்ள பசியா?" என்றாள் நட்டுக்கொண்டிருந்த பூலாயி. நிமிரவே இல்லை.

"ஓ! ஓ!"

"இந்தக் கொக்குக்கு வேற சோலி கிடையாது."

நண்டு மெல்லச் சொன்னது: "தாயி, பக்கத்துல விரிசல் விடுது."

"வாயை மூடு! என் பிள்ளை அங்க கிடக்கு!"

பிள்ளையைத் தூக்குங்கள் என்று சொல்லத்தான் அடுத்து வாயைத் திறந்தாள். தொண்டை வறண்டு, தாடை கிடுகிடுத்து, நாக்கு ஓரிடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் அடித்துக்கொண்டது.

"உலுலுலுலுலுலு!"

வயல் சட்டென்று அடங்கியது. எருமையோ கொக்கோ போடாத சத்தம் அது. நிமிர்ந்த பூலாயி கரையில் சடைச்சியைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. நாற்றை வீசிவிட்டு ஓடிப்போய்ப் பிள்ளையை அள்ளிக்கொண்டாள். மற்றவர்கள் வைக்கோலும் மண்வெட்டியுமாகக் கரையேறினார்கள். பொழுது சாய்வதற்குள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நண்டுகூட வெட்கத்தோடு மண் சுமந்தது.

பிள்ளையை மார்போடு அணைத்தபிறகும் சடைச்சியின் நாக்கு நிற்கவில்லை.

"அதென்னடி சத்தம்?" என்றாள் பூலாயி.

"தெரியலையே அக்கா. எனக்குப் பேச்சே வரலை."

பூலாயி தானும் போட்டுப் பார்த்தாள். பிறகு இருபது பேரும் போட்டார்கள். சிரித்து, அழுது, ஒருத்தியை ஒருத்தி கட்டிக் குலவிக்கொண்டு போட்ட சத்தமாகையால் அதற்குக் குலவை என்றே பெயர் வைத்தார்கள்.

அன்று முதல்தான் நடவானாலும் கல்யாணமானாலும் நம் பெண்கள் குலவையிடுகிறார்கள். ஒருத்தி தொடங்கினால் போதும், பக்கத்திலிருப்பவள் அவளைத் தனியாக விடுவதில்லை. எவ்வளவு சந்தோஷமான வீடாக இருந்தாலும், சடைச்சிக்கு அன்று வந்த நடுக்கம் மட்டும் குலவையிடும் நாக்கை விட்டு இன்னும் போகவில்லை.