வராந்தாவை அடைக்கும் முன்

வடசென்னையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அந்தக் காலத்துத் தானிய வியாபாரிகள் சிலர் கைக்காசு போட்டுச் சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டியது. உள்ளே வார்டு குறுகல். வெளியே வராந்தாவோ தேர் ஓடும் அகலம். கட்டியவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று அங்கே வேலை பார்த்த டாக்டர்களெல்லாம் கேலி செய்வார்கள்.

இப்போதைய தலைமை டாக்டர் வடிவாம்பாளுக்கு அது கேலியாகத் தோன்றவில்லை. வார்டில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். வராந்தாவைச் சுவர் வைத்து அடைத்தால் பன்னிரண்டு கட்டில் போடலாம். மறுநாள் கொத்தனார் வருகிறார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த டாக்டர் தேவசகாயத்தை வரவழைத்தாள். அவர் ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகிவிட்டது. இருந்தும் அவரைக் கேட்காமல் அங்கே ஓர் ஆணி அடிக்கக்கூட அவளுக்குத் துணிவில்லை.

"இவ்வளவு பெரிய வராந்தா எதுக்கு சார்?"

அவர் வராந்தாவில் நடந்தார். நோயாளிகளோடு வந்து தங்கியிருப்பவர்களின் பாய்கள், கூஜாக்கள், காயப்போட்ட துணிகள். ஒரு பெண் ஜன்னல் கம்பி வழியே கையை விட்டு, உள்ளே படுத்திருந்த கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொற பெருசு. உன்னோட ஒரே ரோதனையாப் பூட்ச்சு."

"உங்கப்பாவாம்மா?" என்று கேட்டார் தேவசகாயம்.

"அட, நீங்க வேற. எங்கூட்டுக்காரருக்குப் பக்கத்துக் கட்டிலு. நர்சம்மா குடுத்தா துன்னமாட்டாரு. நான் நாலு திட்டு வுட்டா துன்றாரு."

கிழவர் திட்டையும் கஞ்சியையும் சமர்த்தாக விழுங்கினார்.

தேவசகாயம் வடிவாம்பாளைப் பார்த்தார். அவள் தலை குனிந்தாள்.

"புரியுது சார். அதுக்காகத் தரையில கிடக்கிறவங்கள அப்படியே விட முடியுமா? இடத்துக்கு நான் எங்க போவேன்?"

"முதல்ல ஒரு காபி குடு."

அவளுடைய அறைக்குப் போனார்கள். முன்பு அது அவருடைய அறை. தேக்கு உத்தரம், வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள், பளிங்குத் தரை. அத்தனை பெரிய கூடத்தின் நடுவே ஒரே ஒரு மேஜை. முதல் பிரசவம் பார்த்த அன்று, பயம் தெளியாமல் அவள் வந்து நின்றது இதன் முன்னால்தான். அன்று அவர் தன் பிளாஸ்கிலிருந்து பாதிக் காபியை ஊற்றிக் கொடுத்தார். அந்த நாட்கள் திரும்பி வராதா என்று அவள் ஏங்காத நாளில்லை.

"நீங்க இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருக்கேன் சார். நாற்காலியக்கூட நகர்த்தல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கும்தான்.

காபியை ஆற்றி மெதுவாகக் குடித்து முடித்தார். எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த பழைய நாற்காலியைத் தள்ளாடிக்கொண்டே இழுத்துப்போய் வெளியே வைத்துவிட்டு வந்தார். பிறகு குனிந்து மேஜையின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டார்.

வடிவாம்பாள் அசையாமல் நின்றாள்.

"அந்தப் பக்கம் பிடி, வடிவு. கட்டில் போட வேண்டாமா?"